பாலைவனம் பார்க்கப் போன வியாழக்கிழமை

இந்த நியூசிலாந்தில் ஜூன் பிறந்து குளிர்காலம் வந்துவிட்டால் என்னைப் போன்ற வயசாளிகளுக்கு இரண்டே வேலைதான். ஹீட்டரைப் போடுவது, யாராவது கரண்ட் பில்லைப் பற்றி முனகுவதற்குள் அதை அணைப்பது. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து இங்கிலீஷில் எதையோ சொல்லிவிட்டு அவரவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பிறகு சுவரும் நானும்தான். அதனால் எங்கள் முதியோர் கூட்டத்தின் வேன் என்றால் எனக்கு உயிர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் கிளம்பி, எங்காவது போய், கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம்.

வேனை ஓட்டுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் அகதியாக வந்து, இங்கே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே போவது என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். போன வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "கடற்கரை, பூந்தோட்டம் எல்லாம் பார்த்துக் களைச்சுப் போனம். இந்தக் குளிருக்குப் பாலைவனம் பார்ப்பம்" என்றார். நியூசிலாந்தில் ஏது பாலைவனம் என்று எல்லாரும் சிரித்தோம். தீவின் நடுவில் டெசர்ட் ரோடு என்றே ஒரு சாலை இருக்கிறது என்று சொல்லி, ஜூன் மாதம் கூட்டிக்கொண்டு போனார். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பாலைவனம் இருந்ததற்கு அத்தாட்சியாக ஒரு பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தோம். எங்கள் கூட்டத்து மலேசியா டீச்சர், "பாலைவனத்துல ஸ்னோ பாத்த மொத ஆளு நாமதான் லா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தப் பயணத்துக்கு என் கணவர் வரவில்லை. அன்றைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் வகுப்பு இருந்தது. அவருடைய சிறுநீரகம் இரண்டும் அநேகமாகப் போய்விட்டன. டயாலிசிஸ் என்றால் என்ன, மிஷின் எப்படி ரத்தத்தைக் கழுவும், என்ன சாப்பிடலாம், எவ்வளவு குடிக்கலாம் என்று ஒரு நர்ஸ் படம் காட்டி விளக்கினாளாம். காலையில் நன்றாகப் பேசிக்கொண்டு கிளம்பிய மனிதர், நான் வீடு திரும்பியபோது வாயை மூடிக்கொண்டுவிட்டிருந்தார். மிஷின் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார். வாயில் கொழுக்கட்டையா என்று கத்தியும் பார்த்துவிட்டேன். அதற்கும் "பாக்கலாம்"தான்.

ஜூலையில் டாக்டர் கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை வந்து முடிவு சொல்ல வேண்டும். வைத்துக்கொண்டால் சில வருஷங்கள் ஓடும், இல்லையென்றால் சில மாதங்கள். மகன் என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டான். "அம்மா, நான் சொன்னா பேச்ச மாத்துறாரு. நீதான் பேசணும். எப்படியாவது சரின்னு சொல்ல வை" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தைந்து வயசு ஆம்பிளை சிங்க் பக்கம் திரும்பி நின்றுகொண்டு மூக்கைத் துடைக்கிறான். எனக்கு மட்டும் ஆசையில்லையா? அவர் இல்லாத வீட்டை நான் ஏற்கெனவே பார்த்தவள். இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள்.

அவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். பாலைவனத்துக்குள்ளே எண்ணெய்க் குழாய் போடும் கம்பெனி. கல்யாணமான மறு வருஷம் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, கூலிங்கிளாஸ், பக்கத்தில் ஓர் ஒட்டகம். போனில் எப்போது கேட்டாலும் "ஏசி ரூம்தான், சௌகரியமா இருக்கேன்" என்பார். லீவில் வரும்போது சித்திரை வெயிலில் நாங்கள் விசிறிக்கொண்டு புலம்பினால் "இதெல்லாம் ஒரு வெயிலா" என்று சிரிப்பார். தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து கடகடவென்று குடிக்க மாட்டார். ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, மெல்ல விழுங்குவார். வெளிநாட்டில் கற்றுக்கொண்ட நாகரிகம் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்குப் பாலைவனம் என்றால் பிரியம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

ஆகவே வேன்காரர் ஜூலைப் பயணத்தை அறிவித்ததும் எனக்குக் கடவுளே வழி காட்டியதுபோல் இருந்தது. மேற்குக் கடற்கரைப் பக்கம் பெத்தல்ஸ் என்ற இடத்தில் கருப்பு மணல் மேடுகள் இருக்கின்றன. ஒரு மணி நேரப் பயணம்தான். "அண்ணைக்குப் பாலைவனம் பழக்கம்தானே, கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா" என்றார் அவர். பழகிய மணலைப் பார்த்தால் மனிதருக்கு மனசு இளகும், அந்த நேரம் பார்த்துக் கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். வியாழன் போய்வந்தால் நடுவில் மூன்று நாள் இருக்கிறது. ஒரேயடியாக இளகாவிட்டாலும் எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா?

வீட்டில் இவரிடம் சொன்னபோது, "அங்க எதுக்கு?" என்றார்.

"உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான்."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு "சரி, போவோம்" என்றார்.

வியாழன் காலையில் பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டு வாசலுக்கே வேன் வந்தது. ஏவன்டேலில் மலேசியா டீச்சரை ஏற்றிக்கொண்டோம். வெஸ்ட்கேட் கடைகளில் நிறுத்தி எல்லாரும் ஒருமுறை பாத்ரூம் போய் வந்தோம். எங்கள் பயணம் எதுவானாலும் முதல் சுற்றுலாத் தலம் அதுதான். இவர் ஜன்னலோரம் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்ததால் ஷூவின் நாடாவைக் கட்டவில்லை. அவருக்கென்று தனியாக இட்லி கட்டியிருந்தேன். தேங்காய் கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது என்று போட்டிருந்த சட்டத்தில் மிஞ்சியது அதுதான்.

வண்டியை விட்டு இறங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இங்கே ஆடியில் அடிக்கிற காற்று ஈரத்தையும் சேர்த்து எலும்புக்குள் கொண்டுபோய் வைக்கும். ஓர் ஓடையை ஒட்டி நடக்க வேண்டும். சில இடங்களில் ஓடைக்குள்ளேயே இறங்கி நடக்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் அளவுத் தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு போனோம். "பார்த்து அண்ணை, மெல்ல வாங்கோ" என்று வேன்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திருப்பம் ஒன்றைத் தாண்டியதும் மணல் மேடு எழுந்து நின்றது. கரி கொட்டிவைத்ததுபோல் ஒரே கருப்பு. ஓர் இளம் ஜோடி உச்சியிலிருந்து பலகையில் வழுக்கிக்கொண்டு வந்து கூச்சல் போட்டுச் சிரித்தார்கள்.

மற்றவர்கள் காற்று படாத ஓர் ஒதுக்கில் பாயை விரித்தார்கள். நான் அவரை மேட்டின் மறுபக்கம் அழைத்துப் போனேன். அங்கே மணல் அப்படியே சரிந்து ஓர் ஏரிக்குள் இறங்குகிறது. அவர் தடியை ஊன்றி நின்று ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, உங்க ஊரு மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் உற்சாகத்தைப் பூசிக்கொண்டுதான் கேட்டேன்.

"இது பாலைவனம் இல்ல" என்றார்.

"ஏன், மணல் கருப்பா இருக்குன்னா?"

"தண்ணி இருக்கே."

அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். குளிரும் என்றேன், காதில் வாங்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். மிஷின் வைத்துக்கொண்டு பத்து வருஷம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள்; வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமாம்; பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டாமா; எனக்கு யார் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது ஒத்திகையில் இல்லாதது.

அவர் தடியால் மணலைக் கீறிக்கொண்டே, "அந்த நர்ஸ் என்ன சொன்னா தெரியுமா?" என்றார்.

"என்ன சொன்னா?"

"ஒரு பாட்டில காட்டி, நாள் முழுக்க இவ்வளவுதான்னா. காபி, ரசம், மோரு, மாத்திரைக்குக் குடிக்கிற தண்ணி எல்லாம் அதுக்குள்ள. அளந்து குடிக்கணுமாம்."

"அதுக்கென்ன, ரசத்தக் குறைச்சுக்கலாம். நான் அளந்து தரேன்."

"அளந்து குடிச்சு எனக்குப் போதும்மா" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் நாற்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்டிராதது. விடியும் முன்பே லாரியில் ஏற்றிப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் இறக்குவார்களாம். ஒரு குழுவுக்கு ஒரு தண்ணீர் டிரம். அது தீர்ந்தால் மறுநாள்தான். உச்சிப் பொழுதில் அந்தத் தண்ணீரில் டீத்தூளைப் போட்டால் சாயம் இறங்குமாம். ஒன்றுக்கு ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது என்பதால், ஒதுங்க வேண்டி வருமே என்று பாதிப் பேர் இருக்கிற தண்ணீரையும் குடிக்காமல் இருப்பார்களாம். ஒரு வாயை வாயிலேயே வைத்துக்கொண்டு, அது எச்சிலாக ஆகும்வரை விழுங்காமல் வேலை செய்யப் பழகினாராம். சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போகுமாம். எல்லாருக்கும் அப்படித்தான் போனதால் அதுதான் சரி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

"சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருத்தன் குழாய் மேலயே விழுந்துட்டான். மடியில போட்டுக்கிட்டேன். தண்ணி தண்ணின்னான். டிரம்ம சாச்சுப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. லாரி சாயங்காலம்தான் வந்துச்சு. அவன் அதுவரைக்கும் இல்ல."

ஏரியில் இரண்டு வாத்துகள் போய்க்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ராத்திரியில கனவு வரும். நம்ம வீட்டுக் குழாயத் தொறந்துவிட்டுட்டு நான் பாட்டுக்குப் பாத்துக்கிட்டு நிப்பேன். அதுதான் கனவே. வேற ஒண்ணும் நடக்காது."

"ஏசி ரூம்னீங்களே?"

"அந்த போட்டோவும் பொய்தான். சட்டை இன்னொருத்தனோடது."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே அடித்திருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இந்த மனிதர் என்னுடன் குடித்தனம் நடத்தியிருக்கிறார். நான் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பெருமையடித்திருக்கிறேன். "லீவுல வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திரும்ப அனுப்பியிருப்பேனா?" என்று கத்தினேன்.

"அனுப்பியிருக்க மாட்ட. அதனாலதான் சொல்லல."

காற்றில் மணல் பறந்து முகத்தில் அடித்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு கேட்ட பிறகும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவர் வேண்டும் என்றுதான் இருந்தது. பாட்டிலில் அளந்தாவது, மிஷினில் கட்டியாவது அவர் இருக்க வேண்டும். "அப்ப மிஷின் வேணாமா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"எனக்கு வேணாம். ஆனா திங்கக்கிழமை நம்ம மகன் எதிர்ல உக்காந்து கேட்டா, என் வாயில வேணாம்னு வராது. அவன் மொகத்தப் பாத்தா சரின்னுதான் வரும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் பசங்களுக்குத் தெரிய வேணாம். அவன் படிச்ச படிப்பு, வாங்கின வீடு, எல்லாம் அவனுக்குக் கசந்துபோயிரும். சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றேன்.

வேன்காரர் மேட்டின் உச்சியில் நின்று எங்களைக் கூப்பிட்டார். மழை வருகுது, வெளிக்கிடுவம் என்றார். இவரைத் தூக்கி நிறுத்த எனக்கும் வேன்காரருக்கும் பெரும்பாடாகிவிட்டது. கரி மூட்டை சுமந்ததுபோல் உடம்பெல்லாம் கருப்பு மணல். வேனில் மலேசியா டீச்சர் எங்களைப் பார்த்து, "என்னா லா, ரெண்டு பேரும் ஹனிமூன் போயிட்டீங்க" என்று கிண்டல் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் கண்ணாலேயே கேட்டான். நான் "பேசியிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த மூன்று நாளும் நான் யாருடைய பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொன்னபடி சரி என்று தலையாட்டிவிட்டால் என் வேலை மிச்சம். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும். புருஷன் இன்னும் சில வருஷம் இருப்பார். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவரும் சொல்ல மாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அந்தச் சின்ன அறையில் டாக்டர், மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண், மகன், நாங்கள். டாக்டர் முதலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "சௌகரியமா இருக்கேன்" என்றார் இவர். சிகிச்சையைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்டார். மகன் முன்னால் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ்ப்பா" என்றான். இவர் அவன் முகத்தைப் பார்த்தார். சிரித்தார். "சரிப்பா. உன் இஷ்டம்" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒவ்வொரு லீவு முடிந்தும் ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துக் கையசைக்கும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. டாக்டர் பேப்பரை எடுத்தார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, தேங்க்ஸ் அம்மா என்பதுபோல் தலையசைத்தான். நான் மொழிபெயர்ப்பாளரிடம், "அம்மா, டாக்டர்கிட்ட சொல்லு. அவர் சரின்னு சொன்னது பையனுக்காக. அவருக்கு இஷ்டம் இல்ல. பையன வெளிய அனுப்பிட்டுக் கேக்கச் சொல்லு" என்றேன்.

அந்தப் பெண் மகனைப் பார்த்தாள். "அப்பிடியே சொல்லவோ அம்மா?" என்றாள்.

"அப்படியே சொல்லு."

மகன் எழுந்தபோது நாற்காலி சுவரில் இடித்தது. "அம்மா, என்ன பண்ற நீ?" என்றான். டாக்டர் மென்மையாகத்தான் பேசினார். அவனை வெளியே காத்திருக்கச் சொன்னார். கதவு சாத்திய பிறகு கேள்வி மறுபடியும் தமிழில் வந்தது. இவர் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு "வேணாம்மா" என்றார். நானே கேட்டு வாங்கிய பதில்தான். இருந்தாலும் அவர் சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

நவம்பர் வரை இருந்தார். நர்ஸ்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். கால் வீங்கியது, அரிப்பு வந்தது, கடைசியில் மூச்சு வாங்கியது. சுகமான சாவு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேண்டுமென்றபோது மோர் குடித்தார், ரசம் குடித்தார். அவர் இருந்த அறைக்குள் மகன் வருவான், அப்பாவின் காலைப் பிடித்துவிடுவான், பேசுவான். நான் உள்ளே போனால் எழுந்து போய்விடுவான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான். "அப்பா சரின்னு சொல்லிட்டாரேம்மா. நீ எதுக்கு அப்படிப் பண்ணின? காரணத்த மட்டும் சொல்லு, போதும்."

காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் குழாய், அந்த டிரம், இரவல் சட்டை, மடியில் செத்த பையன். சொல்லியிருந்தால் அவன் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான். பிறகு தன் வீட்டுச் சுவரையும், தன் பிள்ளைகள் படிக்கிற பள்ளியையும் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு என்ன தோன்றும் என்று நினைத்துப் பார்த்தேன். இதை இப்போது எழுதலாம். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிப்பதில்லை.

"வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைய என்னால முடியாதுப்பா" என்றேன். "எனக்கும் வயசாச்சு."

அவன் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "சரிம்மா" என்றான். நம்பிவிட்டான்.

இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அவனே காபி போட்டுக் கொண்டுவந்து என் அறை மேசையில் வைக்கிறான். மாத்திரையை நினைவுபடுத்துகிறான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. என் பக்கத்தில் உட்காருவது மட்டும் இல்லை.